ஸ்டெம் செல் எடுக்கும் நாளில் அபெரிசிஸ் மெஷினை எப்படி செட் செய்வது

அபெரிசிஸ் என்பது ரத்தத்தை மெஷினில் ஓட்டி, வேண்டிய செல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும் முறை. அந்த அறைக்குப் புதிதாக வரும் டெக்னீஷியன்களும் நர்ஸ்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த எண்ணைப் போட்டால் செல் நிறைய வரும்?" என்பதுதான். அப்படி ஓர் எண் கிடையாது. மெஷினை ஆன் செய்வதற்கு முன் ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்து உட்காருங்கள். திரையில் நீங்கள் போடப்போகும் எண்களில் முக்கால்வாசி அந்தத் தாளிலேயே முடிவாகிவிடும். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு கை எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது.

நான் வேலை செய்வது சென்னையில் ஒரு மருத்துவமனை ரத்த வங்கியில். எங்களிடம் இருக்கும் மெஷின் ஸ்பெக்ட்ரா ஆப்டியா. உங்களிடம் அமிகஸோ காம்.டெக்கோ இருந்தால் பட்டன்களின் பெயர்கள் மாறும், கணக்கு மாறாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் தரும் எண்கள் ஒரு செட்டிங் எப்படி முடிவாகிறது என்று புரிந்துகொள்வதற்காக. உங்கள் துறை எழுதிவைத்த நடைமுறையான எஸ்ஓபியும் டிரான்ஸ்ஃபியூஷன் மெடிசின் டாக்டரின் ஆர்டரும்தான் கடைசி வார்த்தை.

மெஷின் உள்ளே நடப்பது

சுழலும் சேனலுக்குள் ரத்தம் கனத்தின்படி அடுக்கடுக்காகப் பிரிகிறது. வெளிப்பக்கம் சிவப்பணு, உள்பக்கம் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவில் மெல்லியதாக வெள்ளையணுவும் பிளேட்லெட்டும். நமக்கு வேண்டிய சிடி34 செல்கள் (சிடி34 என்ற அடையாளம் உள்ள ஸ்டெம் செல்கள்) அந்த நடு அடுக்கில், லிம்போசைட்டும் மோனோசைட்டும் இருக்கும் இடத்தில், சிவப்பணுவின் விளிம்பை ஒட்டி இருக்கின்றன. அந்த அடுக்கின் எந்த ஆழத்திலிருந்து உறிஞ்சுகிறோம், அந்த அடுக்கு எவ்வளவு நேரம் கலையாமல் நிற்கிறது, இவை இரண்டும்தான் கலெக்ஷனைத் தீர்மானிக்கின்றன.

இந்த வகை மெஷினுக்கு வழி போட்டவர்களில் ஒருவர் டாக்டர் இல்லை. 1960-களில் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனப் பொறியாளர் ஜார்ஜ் ஜட்சனின் மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்காகத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு வந்துபோன அந்த அப்பா, அங்கே ரத்தத்தைப் பிரிக்கும் முறையைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாகச் செய்யலாமே என்று டாக்டர் எமில் ஃப்ரைரைக்குடன் சேர்ந்து தொடர் ஓட்டப் பிரிப்பானை உருவாக்கினார். அந்தக் காலத்து மெஷினில் அடுக்கைக் கண்ணால் பார்த்துக் கையால் பம்பைத் திருப்ப வேண்டும். இன்று ஆப்டியாவில் ஒரு கேமரா அடுக்கைப் பார்த்துக்கொண்டே பிளாஸ்மா பம்பைத் திருத்துகிறது. அதற்காக நம் கண்ணுக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

காலையில் தாளில் எழுதுபவை

உயரம், எடை, ஆணா பெண்ணா. இந்த மூன்றையும் வைத்துத்தான் மெஷின் உடலின் மொத்த ரத்த அளவை, அதாவது டிபிவியை, கணக்கிடுகிறது. எடையை அட்மிஷன் பேப்பரிலிருந்து காப்பி அடிக்காதீர்கள், அன்று காலையில் நிற்க வைத்து எடுங்கள். ரொம்பக் குண்டான ஆளாக இருந்தால் மெஷின் சொல்லும் டிபிவி உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் கொழுப்பில் ரத்தம் குறைவு. அந்தக் கூடுதல் எண்ணை நம்பி மெஷின், ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டையும் கூடுதலாக அனுமதிக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டரிடம் கேட்டு டிபிவியைக் குறைத்துப் போடுவது நல்லது.

ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம், அன்று காலை எடுத்ததாக இருக்க வேண்டும். நேற்று ரத்தம் ஏற்றியிருந்தால் நேற்றைய ரிப்போர்ட் குப்பைக்கு. கூடவே சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவியையும் பாருங்கள், பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரும்புச்சத்துக் குறைவோ தலசீமியா டிரெய்ட்டோ உள்ளவர்களின் சிவப்பணு சிறியது, மெதுவாகத்தான் படியும். அது நடு அடுக்கில் கலந்து எல்லைக்கோடு மங்கலாகிவிடும். நம் ஊரில் இது அபூர்வம் இல்லை. தங்கைக்கோ அண்ணனுக்கோ டோனராக வரும் பெண்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி இருந்தால் ஆரம்பத்திலிருந்தே இன்லெட்டை, அதாவது மெஷின் ரத்தத்தை இழுக்கும் வேகத்தை, கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள், செல்கள் பிரிய நேரம் கிடைக்கும்.

பிளேட்லெட் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கலெக்ஷனில் அது 30 முதல் 50 சதவீதம் வரை இறங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே சிடி34. ஸ்டெம் செல்லை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டுவரும் ஃபில்கிராஸ்டிம் ஊசியை வழக்கமாக ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் தினமும் போட்டு, ஐந்தாம் நாள் காலை ரத்தத்தில் சிடி34 பார்க்கிறோம். மைக்ரோலிட்டருக்கு 20-க்கு மேல் இருந்தால் நிம்மதியாக ஆரம்பிக்கலாம். 10-லிருந்து 20 வரை என்றால் டாக்டருடன் பேச வேண்டும். 10-க்குக் கீழே என்றால் மெஷினில் கிட்டை (ட்யூபும் பையும் சேர்ந்த செட்டை) மாட்டாதீர்கள். லெனலிடோமைடு மருந்தை ரொம்ப நாள் சாப்பிட்ட மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்) நோயாளிகளில் இந்த நிலைமை வரும். அங்கே வேலை செய்யப்போவது செல்லை இன்னும் ரத்தத்துக்குத் தள்ளும் ப்ளெரிக்ஸாஃபோர் ஊசி, நம் செட்டிங் இல்லை. அந்த ஊசியைக் கலெக்ஷனுக்குச் சுமார் 11 மணி நேரம் முன்பு போட வேண்டும். அதனால் மறுநாள் காலை எத்தனை மணிக்கு மெஷின் ஓடும் என்பதை வார்டுக்கு முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

நோயாளியிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. காலையில் இட்லி சாப்பிட்டு வரலாம், நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் வேண்டாம். பிளாஸ்மா கொழுப்பால் கலங்கினால் கேமராவுக்கு அடுக்கு சரியாகத் தெரியாது. பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த ஐந்து மணி நேரம் அவர் கட்டிலை விட்டு நகர முடியாது.

எத்தனை லிட்டர் ஓட்ட வேண்டும்

"இரண்டரை டிபிவி ஓட்டு", "மூன்று டிபிவி ஓட்டு" என்று எல்லோருக்கும் ஒரே அளவு வைத்துக்கொள்வது பழைய வழக்கம். செல் நிறைய இருப்பவரைத் தேவையில்லாமல் கட்டிலில் போட்டுவைக்கும், குறைவாக இருப்பவரிடம் பாதியில் நிறுத்தும் வழக்கம் அது. காலை சிடி34 கையில் இருக்கும்போது கணக்கே போட்டுவிடலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். மைலோமா உள்ள ஓர் அம்மா. எடை 54 கிலோ, உயரம் 155 செ.மீ., ஹெமடோக்ரிட் 29, பிளேட்லெட் 1.4 லட்சம், சிடி34 மைக்ரோலிட்டருக்கு 38. டாக்டர் கேட்பது கிலோவுக்கு 4 மில்லியன் சிடி34.

தேவை: 54 பெருக்கல் 4, அதாவது 216 மில்லியன் செல்.

மைக்ரோலிட்டருக்கு 38 என்றால் ஒரு லிட்டர் ரத்தத்தில் 38 மில்லியன் செல். எல்லாவற்றையும் மெஷின் பிடித்துவிடாது. ஓட்டிய ரத்தத்தில் இருந்த செல்லில் எத்தனை சதவீதம் பைக்குள் வந்தது என்பதைத்தான் சிஇ2 என்கிறோம். இந்த மெஷினில் அது பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கும். நான் கணக்கு போடும்போது 45 என்று வைத்துக்கொள்வேன். கூட வந்தால் லாபம். ஆக லிட்டருக்கு 17.1 மில்லியன் கிடைக்கும். 216-ஐ 17.1-ஆல் வகுத்தால் 12.6 லிட்டர்.

இது சுத்த ரத்தத்தின் கணக்கு. இன்லெட் பம்ப் இழுப்பதோ சிட்ரேட் கலந்த ரத்தம். ரேஷியோ 12-க்கு 1 என்றால் இழுக்கும் 12 மி.லி.-யில் 11 மட்டுமே ரத்தம். அப்படியானால் இன்லெட் கணக்கில் 13.7 லிட்டர் ஓட வேண்டும். திரையில் எந்த எண்ணைப் பார்த்து நிறுத்துகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் சிஇ2 கணக்கும் பொய் சொல்லும்.

உயரம், எடையை வைத்துப் பார்த்தால் இந்த அம்மாவின் டிபிவி 3.3 லிட்டர். 12.6 லிட்டர் என்பது கிட்டத்தட்ட 3.8 டிபிவி. மூன்றைத் தாண்டுவதால் இது பெரிய அளவு கலெக்ஷன்.

சிட்ரேட்டும் நேரமும்

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது, புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். இன்லெட் வேகத்தை நாம் நேரடியாக முடிவு செய்வதாகத் தோன்றும். உண்மையில் அதை முடிவு செய்வது சிட்ரேட். ஒரு லிட்டர் டிபிவிக்கு நிமிடத்துக்கு இத்தனை மி.லி. ஏசிடி-ஏ (சிட்ரேட் திரவம்) தான் உடம்புக்குள் போகலாம் என்று ஒரு வரம்பு வைக்கிறோம். பலரும் ஆரம்பிப்பது 0.8-ல். இந்த வரம்பு, ரேஷியோ, டிபிவி மூன்றையும் பெருக்கினால் இன்லெட் வேகம் தோராயமாக வந்துவிடும்.

நம் அம்மாவுக்கு 0.8 பெருக்கல் 3.3 பெருக்கல் 12, அதாவது நிமிடத்துக்கு 32 மி.லி. அதே செட்டிங்கில் 172 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஓர் ஆண் டோனர் படுத்தால் டிபிவி 4.9 லிட்டர், இன்லெட் 47 மி.லி. அதே திரை, அதே எண்கள், ஆனால் ஒருவருக்கு வேகம் மற்றவரைவிட ஒன்றரை மடங்கு. டிஃபால்ட்டை அப்படியே விட்டுவிட்டால் சின்ன உடம்புக்காரர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 32 மி.லி. வேகத்தில் 13.7 லிட்டர் ஓட்ட ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். யாரையும் அவ்வளவு நேரம் படுக்க வைக்க முடியாது.

நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

வரம்பை உயர்த்தலாம். 1.0 வைத்தால் இன்லெட் கிட்டத்தட்ட 40 மி.லி., நேரம் ஐந்தே முக்கால் மணி. 1.1 வைத்தால் 44 மி.லி., ஐந்தேகால் மணி. ஆனால் உடம்புக்குள் சிட்ரேட் வேகமாகப் போகும், கால்சியம் இறங்கும்.

ரேஷியோவை ஏற்றலாம். 14-க்கு 1 என்று வைத்து, வரம்பை 1.1-ல் நிறுத்தினால் 51 மி.லி. வரை வரும், நாலரை மணியில் முடியும். ஆனால் சேனலுக்குள் சிட்ரேட் குறைகிறது, பிளேட்லெட் கட்டியாகும் ஆபத்து கூடுகிறது. சில மையங்களில் ஏசிடி-ஏவுடன், ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான ஹெப்பாரினும் சேர்த்து ரேஷியோவை இன்னும் மேலே கொண்டுபோகிறார்கள். அது டாக்டரின் முடிவு. பிளேட்லெட் குறைவாக உள்ளவர்களிடமும், ஹெப்பாரினால் முன்பு பிரச்சினை வந்தவர்களிடமும் அந்தப் பேச்சே கூடாது.

மூன்றாவது வழி, இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? 12-க்கு 1, வரம்பு 1.0, ஆரம்பத்திலிருந்தே கால்சியம் டிரிப். முதல் கால் மணி நேரம் மட்டும் 0.8-ல் விட்டு, உதடு மரத்துப்போகிறதா (கால்சியம் இறங்குவதன் அறிகுறி) என்று கேட்டுவிட்டு 1.0-க்கு ஏற்றுவேன். ஐந்து மணி நேரத்தில் 11.9 லிட்டர் இன்லெட் ஓடியிருக்கும். அதில் ரத்தம் 10.9 லிட்டர், எதிர்பார்க்கும் செல் 186 மில்லியன், கிலோவுக்கு ஏறக்குறைய 3.4 மில்லியன். குறைந்தபட்சத் தேவையான கிலோவுக்கு 2 மில்லியன் முதல் மூன்று மணி நேரத்திலேயே வந்திருக்கும். 3.4-உடன் நிறுத்தலாமா, அல்லது 4 வந்தே ஆக வேண்டுமா என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வேன். இன்னொரு நாள் என்றால் இன்னொரு கிட், சில நேரம் இன்னொரு ப்ளெரிக்ஸாஃபோர். அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்று நமக்குத் தெரியும். அரை மணி நேரம் கூட ஓட்டினால் அது மிச்சமாகும் என்றால் நான் ஓட்டத்தான் சொல்வேன், அந்த அம்மாவுக்கு முடிகிற பட்சத்தில்.

சிட்ரேட்டோடு வேறு சிலவும் சேர்ந்து வருகின்றன. 13.7 லிட்டர் ஓட்டினால் ஏசிடி-ஏ மட்டும் 1.1 லிட்டருக்கு மேல் செலவாகும். 100 மி.லி. ஏசிடி-ஏவில் 2.45 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது. மொத்தம் 28 கிராம் சர்க்கரை, அதில் பெரும்பகுதி நோயாளிக்குள். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் நடுவில் ஒருமுறை குளுக்கோமீட்டர் வைத்துப் பாருங்கள். இதயம் பலவீனமானவர் என்றால் கூடுதலாகச் சேரும் இந்த ஒரு லிட்டர் திரவத்தை டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். 500 மி.லி. பை என்றால் நடுவில் இரண்டு முறை மாற்ற வேண்டும். மாற்றும்போது இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு லேபிளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற லைனுக்கு ஏசிடி-ஏ, பச்சைக்கு சலைன். இடம் மாறினால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதைத் தனியாகச் செய்யக் கூடாது.

கழுத்து லைன்

பெரும்பாலும் மஹூர்கர் கதீட்டர் என்ற தடித்த இரட்டைக் குழாயைத்தான் வைத்திருப்பார்கள். கை வழியாகப் போடும் மெல்லிய பிக் லைனை நம்பி வராதீர்கள், இந்த வேகத்தில் உறிஞ்சும்போது அது ஒட்டிக்கொள்ளும். மெஷினில் இணைக்கும் முன் இரண்டு லூமனிலும் (உள்குழாயிலும்) நிரப்பி வைத்திருக்கும் ஹெப்பாரின் லாக்கை உறிஞ்சிக் கொட்டிவிடுங்கள். பிறகு சிரிஞ்சால் இழுத்துப் பாருங்கள், தயக்கமில்லாமல் வர வேண்டும். வரவில்லையென்றால் தலையைத் திருப்பச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள், படுக்கையைத் தாழ்த்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் இழுக்கும் சிவப்பு முனையையும் திருப்பித் தரும் நீல முனையையும் மாற்றிப் போடலாம். திரும்பிய ரத்தமே கொஞ்சம் மறுபடி உள்ளே வரும், அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: 60-ல் ஓட்டி நிமிடத்துக்கு ஒரு அலாரம் அடிப்பதைவிட 40-ல் நிற்காமல் ஓடுவது மேல். ஒவ்வொரு பிரஷர் அலாரத்திலும் பம்ப் நிற்கிறது, அடுக்கு கலைகிறது, மறுபடி அமைய நேரம் எடுக்கிறது. அந்த நேரமெல்லாம் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், செல் வராது. லிட்டர் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

ஓடும்போது எதைப் பார்ப்பது, எதைத் தொடாமல் இருப்பது

சிஎம்என்சி, அதாவது நடு அடுக்குச் செல்லைத் தொடர்ந்து எடுக்கும் முறையில், செல்கள் எவ்வளவு நெருங்கிப் படிய வேண்டும் என்று சொல்லும் பேக்கிங் ஃபேக்டரை நான் தொடுவதே இல்லை, 4.5-லேயே இருக்கட்டும். செல்லைப் பைக்கு அனுப்பும் கலெக்ட் பம்ப் நிமிடத்துக்கு 1 மி.லி. அளவில் ஆரம்பித்தால் போதும். வெள்ளையணு 50,000-ஐத் தாண்டியிருந்தால் நடு அடுக்கு தடிமனாகிவிடும், அப்போது கலெக்ட் வேகத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் செல்கள் பைக்கு வராமல் நோயாளிக்கே திரும்பிப் போகும். செல்லை ஒரு சேம்பரில் சேர்த்துவைத்துத் தவணையாகப் பைக்கு அனுப்பும் பழைய எம்என்சி முறையும் நன்றாகவே வேலை செய்யும், பை சின்னதாக வரும். வெள்ளையணு அதிகமானால் சேம்பர் திணறும் என்பதால் ஃபில்கிராஸ்டிம் போட்டவர்களுக்கு நான் சிஎம்என்சிக்கே போகிறேன்.

கண்ணால் பார்க்க வேண்டியது கலெக்ட் லைனின் நிறம். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் கலர்கிராம் அட்டையை லைனுக்குப் பின்னால் பிடித்து, வெள்ளை வெளிச்சத்தில், கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஜன்னல் வெயிலிலோ மஞ்சள் பல்பின் கீழோ பார்த்தால் ஏமாற்றும். ஹெமடோக்ரிட் 2 முதல் 3 சதவீதம் காட்டும் கட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். அதைவிட வெளுத்தால் பிளேட்லெட் அதிகமாக வருகிறது, நமக்கு வேண்டியது கீழே தங்கிவிடுகிறது. அடர் சிவப்பானால் சிவப்பணுவும் கிரானுலோசைட்டும் (நமக்கு வேண்டாத வெள்ளையணு வகை) பைக்குள் வருகின்றன. ரத்த குரூப் ஒத்துப்போகாத டோனர் என்றால் அந்தச் சிவப்பணு பெரிய தலைவலி. உறைய வைக்கப்போகும் பை என்றால் கிரானுலோசைட் பின்னால் உருக்கும்போது கட்டியாகித் தொல்லை கொடுக்கும்.

நிறத்தை மாற்ற இருப்பது கலெக்ஷன் பிரிஃபரன்ஸ் என்ற செட்டிங். 10 முதல் 90 வரை போகும், 50-ல் ஆரம்பிக்கிறோம். எந்தப் பக்கம் போனால் வெளுக்கும், எந்தப் பக்கம் போனால் அடர்த்தியாகும் என்பதைத் திரையே காட்டும். ஒரே தடவையில் 20 தாண்டாதீர்கள். ஒரு சின்னப் படி நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பம்ப் மாற வேண்டும், அடுக்கு நகர வேண்டும், அந்த ரத்தம் லைனில் நீங்கள் பார்க்கும் இடத்துக்கு வர வேண்டும். ஐந்து பத்து நிமிடமாவது ஆகும். இரண்டு நிமிடத்தில் மாற்றம் தெரியவில்லையே என்று இன்னொரு படி நகர்த்துகிறவர்கள், பத்தாவது நிமிடத்தில் மொத்தமாகத் தாண்டிப்போய்விட்டு எதிர்ப்பக்கம் இழுப்பார்கள். அன்று முழுக்க அடுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். இன்லெட்டையும் பிரிஃபரன்ஸையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். நிறம் எதனால் மாறியது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று பிளேட்லெட் கட்டி. சேனலின் கனெக்டர் பக்கம் ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய வெள்ளைத் திரி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஓரத்தில் ஒரு புள்ளி, பிறகு அது நீளும். அதோடு கேமரா தடுமாறும், நிறம் காரணமில்லாமல் ஏறி இறங்கும். பிரிஃபரன்ஸைத் தொடாதீர்கள், அது வேலைக்காகாது. ரேஷியோவை 12-லிருந்து 8-க்கு இறக்குங்கள். கரையாவிட்டால் 6. சிட்ரேட் வரம்பு அப்படியே இருப்பதால் இன்லெட் தானாகவே மெதுவாகும், பயப்பட வேண்டாம். கரைந்ததும் படிப்படியாகப் பழைய ரேஷியோவுக்குத் திரும்பலாம். டோனரின் பிளேட்லெட் மூன்று லட்சத்துக்கு மேல் என்றால் நான் ஆரம்பத்திலேயே 10-ல் வைத்து, அடுக்கு அமைந்த பிறகு 12-க்குப் போகிறேன்.

"உதடு மரத்துப் போகுது சிஸ்டர்"

இதை நோயாளி தானாகச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். பலர், குறிப்பாக வயதான அம்மாக்கள், "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்று சொல்லாமலே படுத்திருப்பார்கள். "வாயைச் சுத்தி எறும்பு ஊறுற மாதிரி இருக்கா? விரல் நுனி குறுகுறுன்னு இருக்கா?" என்று நீங்களே கேளுங்கள். ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டால்கூடத் தப்பில்லை.

குறுகுறுப்பு வந்தால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். கால்சியம் டிரிப்பை டாக்டர் சொன்ன அளவில் ஏற்றுங்கள். கல்லீரல் சிட்ரேட்டை வேகமாகவே எரித்துவிடும், கொஞ்ச நேரத்தில் சரியாகும். கை இழுத்துக்கொண்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ, வாந்தி வந்தாலோ மெஷினை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். கால்சியம் எப்போதும் ரிட்டர்ன் பக்கம்தான். ரத்தத்தை இழுக்கும் அக்சஸ் பக்கம் கொடுத்தால் சிட்ரேட்டின் வேலையே கெட்டு சேனலில் ரத்தம் உறையும். அதே லைனில் செஃப்ட்ரையாக்ஸோன் ஆன்டிபயாடிக் போகிறதா என்றும் பாருங்கள், இரண்டும் சேர்ந்தால் படிவாகிவிடும். அயனைஸ்டு கால்சியம் சரியாக இருந்தும் குறுகுறுப்பு போகவில்லையென்றால் மெக்னீசியத்தை நினைத்துப் பாருங்கள், சிட்ரேட் அதையும் பிடிக்கும்.

அறை ஏசி குளிரில் நடுங்குகிறவருக்குச் சிட்ரேட்டால் நடுங்குகிறதா, குளிரால் நடுங்குகிறதா என்று தெரியாது. முதலிலேயே கம்பளி போர்த்திவிடுங்கள்.

குழந்தை என்றால்

12 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 900 மி.லி. கிட்டுக்குள் போகும் ரத்தம் டிபிவியில் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கே தாண்டிவிடும். அதனால் வெள்ளையணு வடிகட்டிய, கதிர்வீச்சு கொடுத்த சிவப்பணுப் பையால் கிட்டை நிரப்பிவிட்டு ஆரம்பிக்கிறோம். முடிவில் ரின்ஸ்பேக் (கிட்டில் மீதியிருக்கும் ரத்தத்தைத் திருப்பித் தருவது) கொடுப்பதா வேண்டாமா என்பதை அன்றைய ஹெமடோக்ரிட்டைப் பார்த்து டாக்டர் சொல்வார். மீதிக் கணக்கு பெரியவர்களுக்குப் போலத்தான், ஆனால் குழந்தைக்கு வாய் மரத்துப்போவதைச் சொல்லத் தெரியாது. சிணுங்கல், திடீர் அமைதி, வயிற்றுவலி எதுவானாலும் முதலில் சிட்ரேட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதி ஓடியதும், முடிந்ததும்

கணக்கு எதிர்பார்ப்புதான், நிஜம் பையில் இருக்கிறது. உங்கள் லேப் சீக்கிரம் ரிசல்ட் தருமென்றால் பாதியில் பையிலிருந்து ஒரு சாம்பிள் அனுப்புங்கள். பையை நன்றாகப் புரட்டிக் கலக்கிய பிறகு எடுங்கள், லைனில் நிற்கும் செல்லை எடுத்து அனுப்பினால் எண் தப்பாக வரும். பாதியிலேயே எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்திருந்தால் சீக்கிரம் நிறுத்திவிடலாம். நோயாளிக்கும் பிளேட்லெட் மிச்சம். நம் மாதிரி அம்மாவுக்கு 1.4 லட்சம் 40 சதவீதம் இறங்கினால் 84,000. கதீட்டரை அன்றே எடுப்பதா, நாளை எடுப்பதா என்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கப்போகும் பை என்றால் செல் அடர்த்தி மி.லி.-க்கு 20 கோடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டும் என்று தோன்றினால் மெஷினிலேயே ஒரு பை பிளாஸ்மா கூடவே எடுத்து, அதில் கலக்கலாம். மெஷினைக் கழற்றிய பிறகு பிளாஸ்மாவுக்கு எங்கே போவது?

ரத்த வங்கிக்காரர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. ரத்தப் பை என்றாலே கதிர்வீச்சுக்கு அனுப்புவது, ஏற்றும்போது வெள்ளையணு ஃபில்டர் மாட்டுவது. கிட்டை நிரப்பும் சிவப்பணுவுக்கு அது கட்டாயம், ஸ்டெம் செல் பைக்கு அது மரணம். பையின் மேல் பெரிய எழுத்தில் "கதிர்வீச்சு வேண்டாம், ஃபில்டர் வேண்டாம்" என்று ஒட்டிவிடுங்கள். நைட் ட்யூட்டியில் யார் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

கடைசி வேலை, சிடி34 ரிப்போர்ட் வந்ததும் அன்றைய சிஇ2-வைப் போட்டு ரெஜிஸ்டரில் எழுதுவது. பக்கத்திலேயே எம்சிவி, வெள்ளையணு, இன்லெட் வேகம், எத்தனை அலாரம், லைன் மாற்றிப் போட்டதா என்பதையும் எழுதுங்கள். ஒரே மெஷினில் வரிசையாக 35-க்குக் கீழே வந்தால் மெஷினைச் சந்தேகிப்பதற்கு முன் காலை சாம்பிள் எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள். கலெக்ஷன் ஆரம்பிப்பதற்கு ரொம்ப நேரம் முன்பே எடுத்த சாம்பிளால் கணக்கு முழுக்கச் சாய்ந்துபோயிருக்கும். ரெஜிஸ்டரில் ஓரளவு வரிகள் சேர்ந்ததும் நான் மேலே போட்ட 45-ஐ அடித்துவிட்டு, உங்கள் அறையின் சொந்தச் சராசரியை அந்த இடத்தில் போட்டுக் கணக்கிடுங்கள்.